வீட்டுக்கும் வேண்டும் 'வருமுன் காப்போம்'!

"என்ன டாக்டர், சூரணம், கஷாயம்னு எழுதுவீங்கன்னு பார்த்தா, வீடு கட்டறதைப் பத்தி எழுதறீங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஏற்காட்டை அடுத்த கிளியூரில் நான் வீடு கட்டியபோது இன்ஜினீயரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பள்ளத்தாக்கு நல்லாத் தெரியணும்!" அவரும் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து பிளான் போட்டுக் கொடுத்தார். பார்க்கப் பிரமாதம். ஆனால், வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது. மார்கழி இரவிலோ, உள்ளே இருக்கும் கதகதப்பெல்லாம் அதே கண்ணாடி வழியாக வெளியேறிவிடும். விடிகாலையில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் அம்மாவுக்கு இரைப்பு அதிகமாகிவிட்டது. பகலுக்கு ஃபேன், ராத்திரிக்கு ஹீட்டர். கரண்ட் பில் ஏறியதே தவிர, இரைப்பு குறையவில்லை. நோயாளியிடம் நூறு கேள்வி கேட்கிற நான், வீட்டு பிளானைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை!

வாஸ்துவுக்கு நாலு பேரைக் கேட்கிறோம். வெயில் எந்தச் சுவரில் விழும் என்று யாரைக் கேட்கிறோம்? காலை, மாலை வெயில் சாய்ந்து வருவதால், கிழக்கு, மேற்குச் சுவர்களை வெறும் சன்ஷேடு காப்பாற்றாது. வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு அது பெரும்பாலும் போதும். சமவெளியில் மேற்குச் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை ராத்திரி படுக்கையறைக்குள் விடும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ஏ.சி. வாங்குகிறோம். இது பத்தியம் இல்லாமல் மருந்து சாப்பிடுகிற கதைதான்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியைப் பாருங்கள். 1930-களின் இறுதியில், ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் திட்டப்படி கட்டத் தொடங்கியது. நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அவற்றில் திறந்து மூடும் பட்டைகள்; கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் காற்று இடைவெளி. ஏ.சி.யை நம்பாமல் வரைந்த கட்டடம் அது! 2018-ல் மத்திய அரசு வீடுகளுக்காகக் கொண்டுவந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதிகளின் முதல் பகுதியும் ஏ.சி.யைப் பற்றியதல்ல, சுவர், கூரை, ஜன்னல் பற்றியதுதான்.

எனவே, பிளானில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

* வீட்டின் நீளப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது?
* மேற்கில் படுக்கையறைக்குப் பதில் மாடிப்படி, ஸ்டோர் ரூம் வைக்கலாமா?
* காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழி உண்டா?
* மொட்டை மாடிச் சூடு கீழே இறங்காமலிருக்க என்ன ஏற்பாடு?

என் வீட்டில் பாதிக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினேன். கொத்தனார் கூலி, செங்கல், சிமெண்ட், ஒரு மாத அவஸ்தை! பிளானிலேயே ரப்பர் வைத்து அழித்திருந்தால், காலணா செலவில்லை.