பழுது எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நோய் இன்னதென்று அறிந்து, அது வந்த காரணத்தையும் அறிந்து, அதன் பிறகே தீர்க்கும் வழிக்குப் போகச் சொன்னார் வள்ளுவர். நாமோ மருந்திலிருந்து தொடங்குகிறோம். வண்டி நின்றால் பிளக்கை மாற்று. மோட்டார் ஓடாவிட்டால் காயில் கட்டு. கணிப்பொறி முரண்டு பிடித்தால் புதிது வாங்கு! 'ஏன் நின்றது?' என்று கேட்பாரில்லை. இந்தப் பழக்கம் என்னிடமும் இருந்தது. அது என்னை விட்டு நீங்கிய விதத்தையும், அதனால் எனக்குள் எழுந்த கருத்தொன்றையும் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்பே என் அண்ணன் மிதித்திருக்க வேண்டும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது 2013-இல் அவருக்கும் ஒன்று கிடைத்தது. மடிக்கணினி வந்தது, கல்லூரி வரவில்லை. குடும்பச் சுமை அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. மடிக்கணினி பரணுக்குப் போனது. எங்கள் அப்பாவை அண்ணன் எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன. அப்பா இன்று இல்லை. வேறு படமும் அதிகமில்லை.

நான் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, அறந்தாங்கியில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினேன். படங்களை அதற்கு மாற்ற எண்ணி மடிக்கணினியை இறக்கினால், அதன் யூ.எஸ்.பி. துளைகள் துருவேறிச் செத்துக் கிடந்தன, வைஃபையும் இல்லை. வலைக்கம்பி செருகும் துளை ஒன்றே மிச்சம். இரண்டையும் கம்பியால் இணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனேன். "ரெண்டும் பழசு தம்பி. கழற்றிப் பார்க்கலாம், படத்துக்கு உத்தரவாதம் கிடையாது" என்றார். அந்தச் சொல்லை நம்பி இரண்டு மாதம் இரண்டையும் தொடவேயில்லை. நம்மைப் போன்ற வீடுகளில், தெரிந்தவர் ஒருவர் 'முடியாது' என்றால் அதுவே தீர்ப்பு.

பிறகு ஒருநாள் நமது ஆய்வகத்தில் கால்வனோமீட்டர் முள் அசையாமல் நின்றது. "முதலில் இணைப்பைப் பார், பிறகு பேட்டரி, ஒவ்வொன்றாகப் பார்" என்றார் ஆசிரியர். வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் இதே கேள்விகளை நான் ஏன் கேட்கவில்லை? அன்று மாலையே கேட்கத் தொடங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது என்று விரதமே பூண்டேன்.

முதல் கேள்வி, கம்பி. செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. கம்பியின் முனையில் பிடிப்பு உடைந்திருந்தது. வேறு கம்பி போட்டேன், விளக்கு எரிந்தது. மிகப் பழைய கருவிகள் இரண்டை நேராக இணைக்க, இழைகள் இடம் மாறிய தனிக் கம்பி வேண்டும். என் மேசைக் கணிப்பொறியோ கிகாபிட் வகை. மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். சாதாரணக் கம்பியே போதுமாயிற்று.

இரண்டாவது, முகவரி. மடிக்கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கியது. முகவரி கொடுக்க யாரும் இல்லாதபோது கணிப்பொறி தானே வைத்துக்கொள்ளும் எண் அது. மற்றதிலோ முன்பு அதை வைத்திருந்தவர்கள் எழுதிய 192.168 என்ற எண் நிலையாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு தெருவில் குடியிருந்தால் எப்படிப் பேசும்? ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2 என்று ஒரே தெருவில் வீடு கொடுத்தேன்.

மூன்றாவது, காவல். 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'பிங்' என்னும் சிறு கட்டளை, 'இருக்கிறாயா?' என்று கேட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். மடிக்கணினியிலிருந்து கேட்டால் பதில் வந்தது. மேசைக் கணிப்பொறியிலிருந்து கேட்டால் வரவில்லை. ஒரு பக்கம் பதில் வந்ததால் கம்பியும் முகவரியும் சரி என்று தெளிந்தது. மிச்சம், மடிக்கணினியின் ஃபயர்வால். அதை அணைத்துவிடவில்லை, கோப்புப் பகிர்வுக்கு மட்டும் வழி திறந்தேன்.

நான்காவது, அனுமதி. வலையமைப்புப் பட்டியலில் மடிக்கணினியின் பெயர் தெரியவில்லை. எஸ்.எம்.பி. 1 என்ற பழைய பகிர்வு முறையை இயக்கு என்றார் நண்பர் ஒருவர். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணிப்பொறிகளை முடக்கி, பிரிட்டனின் மருத்துவமனைகளையும் தடுமாற வைத்த வான்னாக்ரை, அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. விண்டோஸ் 7-க்கு அதைவிடப் புதிய முறையே தெரியும், பழையது எதற்கு? பட்டியலை விட்டுவிட்டு முகவரியை நேரே தட்டினேன். கதவு தெரிந்தது, கடவுச்சொல் கேட்டது. சிங்கப்பூருக்குப் பேசினேன். "நான் பாஸ்வேர்டே வைக்கலையேடா" என்றார் அண்ணன். பழுது அதுதான்! கடவுச்சொல் இல்லாத கணக்கை வெளியிலிருந்து வருபவருக்கு விண்டோஸ் திறப்பதில்லை. ஒன்று வைத்தேன், திறந்தது. அன்றிரவு அம்மா வெகுநேரம் திரையின் முன் உட்கார்ந்திருந்தார்.

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதிடவில்லை. விண்டோஸ் 7-இன் வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-உடனும், மேசைக் கணிப்பொறியில் உள்ள விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்தன. ஆகவே வேலை முடியும்வரை இரண்டையும் இணையத்தில் சேர்க்கவில்லை. பழையதற்கும் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லையைக் காரணம் அறிந்து நாமே வகுக்க வேண்டும். 'பழசு' என்ற ஒரு சொல் வகுக்கக் கூடாது.

நண்பர்களே! இரண்டு மாதம் கிடந்த வேலை இரண்டு மாலைகளில் முடிந்தது. புதிய கருவி எதையும் நான் வாங்கவில்லை. கேள்விகளை வரிசைப்படுத்தினேன், அவ்வளவே. படித்தவர் நிறைந்த வீடுகளில் இந்த வரிசையை அப்பாவோ மாமாவோ பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நம் வீடுகளில் சொல்ல ஆள் இல்லை. நமக்கு அதைத் தரக்கூடிய இடம் கல்லூரி ஒன்றே.

பள்ளி நாள் முதல் நாம் எழுதும் ரெக்கார்டு நோட்டில் நோக்கம் உண்டு, கருவிகள் உண்டு, முடிவு உண்டு. முள் அசையாமல் நின்ற அரைமணி நேரத்துக்கு மட்டும் இடமில்லை. நாம் உண்மையில் கற்றது அந்த அரைமணியில்தான் அல்லவா? எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஒவ்வொரு சோதனையின் கீழும் 'பழுது எங்கே இருந்தது, எப்படிக் கண்டோம்' என்று நான்கு வரி எழுதச் செய்யுங்கள். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். தவறை மறைக்காமல் எழுதப் பழகிய மாணவன், 'முடியாது' என்பவரிடம் 'ஏன்?' என்று கேட்கவும் பழகுவான்.