யந்திர மோகமும் பாய்மரப் பெருமையும்

தென்காசிக்கு அடுத்த சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் எழுதி, அதில் இரண்டு விஷயங்களைப் பற்றி நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கின்றார். ஒன்று, அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருக்கும் இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பெண் சற்று கறுப்பாயிருப்பதாகவும், கல்யாணத்திற்கு முன்னால் டவுனிலுள்ள ஒரு அழகு நிலையத்தில் ‘ரேடியோ அலை’ யந்திரத்தைக் கொண்டு முகத்தை வெளுப்பாக்கிக் கொண்டுவர வேண்டுமென்றும் சொல்லியனுப்பியிருக்கின்றார்களாம். ஆறு தடவை போக வேண்டுமாம். இவ்வருஷத்து நெல் அதற்குக் காணாதென்று தோழர் நகையை அடகு வைக்க யோசிக்கின்றாராம். மற்றொன்று, மேல்நாடுகளில் சரக்குக் கப்பல்களுக்கு மறுபடியும் பாய் கட்டுகின்றார்கள் என்ற சேதியைப் படித்துவிட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், “பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை, வெள்ளைக்காரன் சுற்றிச் சுற்றி நம் வழிக்கே வருகின்றான்” என்று டீக்கடையில் தினந்தோறும் பிரசங்கம் செய்ய, வாலிபர்கள் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கின்றார்களாம்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் புதியது என்பதற்காக ஒன்றை நம்புகின்றான். மற்றவன் பழையது என்பதற்காக ஒன்றை நம்புகின்றான். இரண்டு பேரும் அது என்ன வேலை செய்கின்றது, எவ்வளவு செய்கின்றது என்று கேட்கவில்லை.

முன்னெல்லாம் செப்புத் தகட்டில் கட்டம் கீறி, நாலு எழுத்து எழுதி, தாயத்தில் அடைத்து, ‘யந்திரம்’ என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். இன்று கம்பியும் விளக்கும் வைத்த ஒரு பெட்டியைக் காட்டி, அதையும் யந்திரம் என்றுதான் சொல்லிப் பணம் வாங்குகின்றார்கள். தகட்டுக்குள் ஒன்றும் கிடையாது. பெட்டிக்குள் உண்மையாகவே ஒன்று இருக்கின்றது. ஆனால் இருப்பது இன்னதென்று கேட்காமலே முகத்தை நீட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றேயாகும்.

அப்பெட்டியில் இருப்பது சூடு. 1891-ம் வருஷ வாக்கில் பிரான்சு தேசத்துத் தார்சொன்வால் என்ற ஆராய்ச்சிக்காரர், மிகமிக வேகமாய்த் திசை மாறிக்கொண்டேயிருக்கும் மின்சாரத்தை உடம்பில் செலுத்தினால், அது சாதாரண மின்சாரத்தைப் போல் உதறியடிக்காமல் உள்ளே உஷ்ணத்தை மட்டும் உண்டாக்குகின்றது என்று கண்டறிந்தார். 1926-ல் அமெரிக்காவில் மூளை ரண வைத்தியத்தில் பேர்போன குஷிங் என்ற டாக்டர், போவி என்பவர் செய்து கொடுத்த கருவியால் இதே மின்சாரத்தைக் கொண்டு சதையை அறுக்கவும் இரத்தத்தை நிறுத்தவும் செய்தார். இன்றும் நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் இதன் வம்சத்துக் கருவிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே, இந்த மின்சாரத்தை நாம் புரட்டென்று சொல்ல வரவில்லை. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றி இருக்கின்றது.

அழகு நிலையத்துப் பெட்டியும் அதே சூட்டைத்தான் குறைந்த அளவில் கொடுக்கின்றது. விநாடிக்குப் பல லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் மேல்தோலைத் தாண்டி உள்தோலைச் சூடாக்குகின்றது. அங்கே கொல்லாஜன் என்ற நார்கள் இருக்கின்றன. போதிய சூடு பட்டால் அவை சுருங்கும். பிறகு சில மாதத்தில் புது நார்கள் உண்டாகும். வயதினால் தொங்கிப்போன தோல் இதனால் கொஞ்சம் இறுகும், சுருக்கம் கொஞ்சம் குறையும், நாளானால் மறுபடியும் தளரும். 2002-ல் அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து இலாகா இவ்வித யந்திரம் ஒன்றைக் கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கத்திற்காக அனுமதித்தது. அதாவது, பாட்டிமார்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் பிரயோஜனம் உண்டு. கல்யாண வயதுப் பெண்ணின் முகத்தில் இறுக்குவதற்கு என்ன தொங்குகின்றது?

அதிருக்கட்டும். இதில் நிறம் எங்கே வந்தது? தோலுக்கு நிறத்தைக் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் அணுக்கள் கறுப்பர் தோலிலும் வெள்ளையர் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. ஒருவரிடத்தில் அவை அதிகமாய் வேலை செய்கின்றன, மற்றவரிடத்தில் குறைவாய் வேலை செய்கின்றன. வெயிலிலுள்ள கெடுதலைத் தடுக்கின்ற குடை அது. ரேடியோ அலையின் சூடு இந்த மெலனினைக் கவனிப்பதே இல்லை. லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சிக்கொள்ளும், ஆகையால் கறுத்த தோலுக்கு அதில் புண் ஏற்படும் பயம் அதிகம். ரேடியோ அலையில் அந்தப் பயம் குறைவு என்று தோல் டாக்டர்கள் சொல்லுவதற்குக் காரணமே, அந்த யந்திரத்துக்குக் கறுப்பு, சிவப்பு என்கின்ற பேதம் தெரியாது என்பதுதான். யந்திரத்துக்குத் தெரியாத பேதம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிகின்றது! அந்தப் பேதத்தைப் போக்குவதற்கு அதே யந்திரத்தினிடம் போகச் சொல்லுகின்றார்கள்!

நிறம் மாறாது என்பதோடு விஷயம் முடிந்துவிட்டாலும் நஷ்டம் பணத்தோடு போகும். சூடு அதிகமாகிவிட்டால் முகம் வெந்துபோகும். நம் போன்றவர்களின் தோலில் வெந்த இடம் ஆறும்போது முன்னிலும் கறுத்துத் தழும்பாய் நிற்பதுண்டு. ஊசிகளைத் தோலுக்குள் இறக்கி அதன் வழியாய் மின்சாரத்தைச் செலுத்தும் ஒரு வகை இப்போது அதிகமாய்ப் பரவிவருகின்றது. அதனால் தீப்புண், தழும்பு, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு கரைந்து முகம் குழிவிழுதல், நரம்புச் சேதம் முதலியவை ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருப்பதாயும், இது வீட்டில் செய்துகொள்ளத்தக்கதல்ல என்றும், மேலே சொன்ன அதே அமெரிக்க இலாகா 2025 அக்டோபரில் எச்சரிக்கை செய்திருக்கின்றது. கர்ப்ப ஸ்திரீகளுக்கும், இருதயத்துக்குக் கருவி பொருத்திக் கொண்டவர்களுக்கும் இது ஆகாது. இவைகளையெல்லாம் கேட்டறிந்து செய்வதற்கு டாக்டர் வேண்டும். நாலு நாள் பயிற்சிப் பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருப்பவர் போதாது.

இந்த நிறப் பைத்தியம் நேற்று வந்ததல்ல. 1975 முதல் நம் நாட்டில் விற்றுவந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்ற முகப்பூச்சு, ஆட்சேபணை வலுத்தபின் 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டு ‘க்ளோ’ என்று வைத்துக்கொண்டது. பேர் மாறிற்று. பெண் பார்க்க வருகிறவர்களின் கண் மாறவில்லை. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் ஏற்பட்ட சட்டத்தில், தோலை வெளுப்பாக்குவதாய்ச் சொல்லும் விளம்பரங்களையும் சேர்ப்பதற்கு மத்திய சர்க்கார் 2020-ல் ஒரு நகல் வெளியிட்டார்கள். அப்படிச் சட்டம் வந்தாலும் விளம்பரம் நிற்குமே தவிர, “பெண் என்ன நிறம்?” என்ற கேள்வியைச் சட்டத்தால் நிறுத்த முடியாது. வயலில் களை எடுத்து நாற்று நடுகிற பெண்ணின் முகம் வெயிலில் கறுக்கின்றது. அந்த நெல்லைத் தின்னுகிறவர்கள் அந்த முகத்தைக் குற்றம் சொல்லுகின்றார்கள்.

நிற்க, டீக்கடைப் பெரியவருக்கு வருவோம். சுந்தரபாண்டியபுரத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது ஆரியங்காவுக் கணவாய் வழியாய்ப் புகுந்து வீசும் காற்று வயல்களையும், படம் எடுக்க ஊரார் கூடும் சூரியகாந்திக் காடுகளையும் ஒருசேர ஆட்டிவிட்டுக் கிழக்கே சுரண்டை, கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கின்றது. அக்காற்று வெகுகாலமாய் வீசிக்கொண்டுதான் இருந்தது. அதில் மின்சாரம் எடுக்கும் பரீட்சை தூத்துக்குடியருகே 1986-ல்தான் நடந்தது. காற்று முன்னோர்களுடையதாக இருந்தது போதவில்லை.

தூத்துக்குடித் தோணிகள் உப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, பாயை விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடின என்பது உண்மை. அது பெருமைக்குரிய கைத்திறன் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், அத்தோணிகளைக் கட்டிய தச்சர்களையும், உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய பரதவர்களையும் அன்று எந்தப் படியில் உட்கார வைத்திருந்தார்கள்? கடல் தாண்டினால் ஜாதி கெட்டுப்போகும் என்று எழுதிவைத்ததும் முன்னோர்கள்தானே? எழுதினவனும் ஓட்டினவனும் ஒருவனல்லவே! பெருமையடிக்கும்போது மட்டும் எல்லாரையும் ஒன்றாய்க் கூட்டி ‘நம் முன்னோர்கள்’ என்றால், பரதவர் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்க அப்பெரியவர் தயாரா என்று வாலிபர்கள் கேட்கட்டும்.

அன்றியும், காற்றால் கப்பல் ஓடும் என்பது இந்நாட்டில் தெரிந்திருந்தும், ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது பாய்மரத்தையா வாங்கினார்? வெள்ளைக்காரக் கம்பெனி நீராவியில் ஓட்டிப் போட்டி போடுகின்றது, தோணியால் அதை எதிர்க்க முடியாது என்று கண்டு, ‘காலியா’, ‘லாவோ’ என்ற நீராவிக் கப்பல்களையே வாங்கினார். முன்னோர் பெருமையைவிடக் கடிகாரமும் கணக்கும் அவருக்கு முக்கியமாய்ப்பட்டது.

இப்போது கப்பலில் வைப்பது கித்தான் பாயும் அல்ல. 1924-ல் ஜெர்மனியில் பிளெட்னர் என்பவர் ‘பக்காவ்’ என்ற கப்பலில் பாய்க்குப் பதிலாய் இரண்டு உயர்ந்த உருளைகளை நிறுத்திச் சுற்றவிட்டார். சுற்றும் உருளையின்மேல் குறுக்கே காற்றடித்தால் ஒரு பக்கம் காற்று வேகமாயும் மறுபக்கம் மெதுவாயும் போகும். அதனால் கப்பல் முன்னே தள்ளப்படும். அக்கப்பல் 1926-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டிற்று. இருந்தும் எண்ணெய் மலிவாய்க் கிடைத்ததால் அதைக் கைவிட்டார்கள். 2010-ல் ஜெர்மன் காற்றாலைக் கம்பெனி ஒன்று அதே முறையில் நாலு உருளை வைத்த கப்பலைக் கட்டி, அதில் காற்றாலைகளையே ஏற்றிச் சென்றது. 2022-ல் ஜப்பானியர் நிலக்கரிக் கப்பலுக்கு நீட்டி மடக்கும் பாயை வைத்தார்கள். 2023 ஆகஸ்டில் ‘பிக்சிஸ் ஓஷன்’ என்ற சுமார் 80,000 டன் சுமக்கும் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறக்கைகளோடு புறப்பட்டது. ஆகாய விமானத்தின் இறக்கையைச் செங்குத்தாய் நட்டதுபோல் அவை நிற்கும். காற்று மாறினால் தாமே திரும்பும். இயந்திரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காற்று அதற்குக் கைகொடுக்கும், அவ்வளவே.

இதில் நாம் பாராட்டுவது இறக்கையைக்கூட அல்ல. புறப்படும் முன் நூற்றுக்கு 30 வரையில் எண்ணெய் மிச்சமாகலாம் என்று பேசப்பட்டது. ஆறு மாதம் ஓட்டி, அளந்து பார்த்து, சராசரி தினம் 3 டன் மிச்சம், நல்ல காற்றில் 11 டன் வரை மிச்சம் என்று கணக்கை வெளியிட்டார்கள். ஆசைக்கு எட்டியதைச் சொல்லாமல் அளவுகோலுக்கு எட்டியதைச் சொன்னார்கள். அழகு நிலையத்தார் என்ன காட்டுகின்றார்கள்? இரண்டு போட்டோ. முன்னதில் விளக்கு மங்கல், பெண்ணுக்குச் சிரிப்பில்லை. பின்னதில் விளக்கும் பிரகாசம், பவுடரும் பிரகாசம், சிரிப்பும் இருக்கின்றது.

ஆகையால் தோழருக்கு நாம் சொல்லுவது, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பெண் படிக்க விரும்பினால் அதற்கு உதவும். தோலில் ஏதேனும் வியாதி இருந்தால் தென்காசி சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டட்டும். மாநிறம் வியாதியல்ல. எல்லாவற்றிற்கும் முதலில், இந்தச் சம்பந்தம் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண்ணையே ஒரு வார்த்தை கேட்கட்டும். கடிதம் இரண்டு பக்கம் வந்திருக்கின்றது. அதில் மாப்பிள்ளை வீட்டார் சொன்னது இருக்கின்றது, ஊரார் சொன்னது இருக்கின்றது. அவள் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

அவள் சரி என்று சொல்லிவிட்டால், மாப்பிள்ளை என்ன நிறம் என்றும், அவர் எத்தனை தடவை அந்த யந்திரத்துக்குப் போய்வந்தார் என்றும் விசாரித்து எழுதும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். பதில் கிடைத்தால் அடுத்த வாரமே பிரசுரிப்போம்.