ஏடும் எந்திரமும்

பழம்பொருள் ஒன்றைக் காப்பாற்றுதல் என்பது அதனைப் பூட்டி வைப்பதா, பயன்படுத்திக்கொண்டே இருப்பதா? தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. ஓலைச்சுவடிகளின் வரலாறு முழுவதும் இதற்குக் கிடைத்த விடையே ஆகும். பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆயினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளன. ஓலை சிதைவதற்கு முன் ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார். அதுவும் சிதைவதற்கு முன் அவர் வழி வந்தவர் மற்றொன்றில் எழுதினார். ஏடு புதிதாயிற்று, பாடம் பழையதாகவே நின்றது. படியெடுப்பார் இல்லாத நூல்களோ பெயர் மட்டும் எஞ்ச, மறைந்து போயின.

நீராவி எந்திரங்களைப் பற்றிக் கூற வந்தவன் ஏட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உலகில் இன்று எஞ்சியுள்ள அவ்வெந்திரங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவற்றைக் காப்பது குறித்து நம் நாட்டில் நிலவும் எண்ணம், பெரிதும் பூட்டி வைப்போர் எண்ணமாகவே இருக்கிறது. அது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி எந்திரங்களை உருவாக்கித் தந்தது. அதற்குப் பின் டீசலும் மின்சாரமும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் முறையான ஓட்டம் 1995 திசம்பரில் முடிவுற்றது. ஆயிரக்கணக்கான எந்திரங்கள் பழைய இரும்பாக விலை போயின. எஞ்சியவற்றுள் சில, தில்லியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் புகலிடம் பெற்றன. வேறு பல, நிலைய வாயில்களிலும் அலுவலக முற்றங்களிலும் மேடை கட்டி நிறுத்தப்பட்டன.

மேடையில் நிற்கும் எந்திரம் பார்வைக்கு அழகாகவே இருக்கும். கறுப்பு வண்ணமும் சிவப்புக் கோடும் தீட்டி வைத்திருப்பர். ஆனால் மழைநீர் கொதிகலனின் மேலுறைக்கு அடியில் புகுந்து தங்கும்; இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படும். அசைய வேண்டிய மூட்டுகள் வண்ணப் பூச்சுக்குள் இறுகிப்போகும். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சிறுவனுக்கு, நெருப்பும் நீரும் சேர்ந்து எவ்வாறு சக்கரத்தைச் சுழற்றின என்பது விளங்கப்போவதில்லை. அட்டை மட்டும் காப்பாற்றப்பட்டு உள்ளேடுகள் செல்லரித்த நூலுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இதற்கு மாறான காட்சியைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் நீலகிரி மலை இரயில் 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் எட்டியது. 46 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரை, பன்னிரண்டரை அடி முன்செல்ல ஓரடி ஏற வேண்டிய செங்குத்து. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எந்திரத்தின் கீழுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்வி, வண்டியைப் பின்னிருந்து தள்ளி ஏற்றுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூரில் செய்யப்பட்ட ‘எக்ஸ்’ வகை எந்திரங்களில் நான்கு உருளைகள் உண்டு. கீழிரண்டு உருளைகளில் வேலை முடித்த நீராவி வீணே வெளியேறாமல் மேலிரண்டுக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சமதளம் வந்ததும் மேலுருளைகள் ஓய்வு கொள்கின்றன. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்பாதையின் சிறப்பு அதன் பழமையில் மட்டும் இல்லை. அது தன் கைத்திறனை விடாமல் வைத்திருப்பதிலும் இருக்கிறது. பழைய எந்திரங்கள் தளர்ந்தபோது, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை அவற்றைப் பழுது பார்த்ததோடு நின்றுவிடவில்லை. அதே வகையில் புதிய எந்திரங்களையே செய்யத் துணிந்தது. எண்ணெயால் இயங்குபவை 2011 முதல் வெளிவந்தன; நிலக்கரியால் இயங்குவது 2021இல் வெளிவந்தது. சுவடி மரபில் இதற்குப் பெயர் படியெடுத்தல். பாடம் அறிந்த கை இருந்ததனால்தான் படியெடுக்க முடிந்தது.

சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையும் இத்தகைய பெருமைக்கு உரியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் பிறந்த இரட்டையர் போன்ற எந்திரங்கள் இரண்டு நம் நாட்டில் உள்ளன. ஒன்று ‘ஃபேரி குயின்’ எனப்படும் ஈ.ஐ.ஆர். 22, மற்றொன்று ஈ.ஐ.ஆர். 21. நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்த பின்னதைப் பெரம்பூரார் உயிர்ப்பிக்க, 2010 ஆகஸ்டு 15 அன்று அது சென்னையில் மீண்டும் ஓடியது. முன்னது 1997இல், 88 ஆண்டுகளுக்குப் பின் ஓடத் தொடங்கி, உலகில் இயங்கும் மிகப் பழைய எந்திரம் எனப் புகழ் பெற்றது. 2011இல் அதன் பாகங்கள் பல களவு போயின. அதனையும் பெரம்பூரே சீர் செய்தது. 2017இல் அது மீண்டும் பாதைக்கு வந்தது.

இவ்விடத்தில் அறிஞர் சிலர் ஒரு தடை எழுப்புவர். கொதிகலன் புதிது, குழாய்கள் புதியன, பாகங்கள் பல புதியன என்றால், அது பழைய எந்திரம்தானா என்பர். தடை வலிமையானதே. பழுது நீக்குவோர் தம் விருப்பம்போல் மாற்றிவிட்டுப் பழைமை என்று முத்திரை குத்துதல் ஏமாற்றாகும். இதற்கும் நம் பதிப்புத் துறையே வழி காட்டுகிறது. நல்ல பதிப்பாசிரியர் மூலத்தில் தாம் திருத்தியது எது, சுவடிக்குச் சுவடி வேறுபட்ட பாடம் எது என்பதை அடிக்குறிப்பில் தெரிவித்துவிடுகிறார். எந்திரத்தைச் சீர் செய்வோரும் அவ்வாறே எப்பாகம் பழையது, எப்பாகம் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, கழற்றிய பாகம் எங்கே உள்ளது என ஏடு ஒன்றில் பதிந்து வைத்தல் வேண்டும். பாடபேதம் குறித்த பதிப்பு நம்பத்தக்கது; குறிக்காத பதிப்பு எத்துணை அழகாயினும் நம்பத்தக்கதன்று.

கைத்திறனைக் கைவிட்டால் நேர்வது யாது? இங்கிலாந்தைப் பார்ப்போம். 1940களின் இறுதியில் அங்கே கட்டப்பட்ட ‘ஏ1’ வகை எந்திரங்கள் நாற்பத்தொன்பது. 1966ஆம் ஆண்டோடு ஒன்றுகூட எஞ்சாமல் அனைத்தும் உடைக்கப்பட்டன. பின்னர் ஆர்வலர் பலர் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டி, பழைய வரைபடங்களைக் கொண்டு ஐம்பதாவதைத் தாமே கட்ட முனைந்தனர். பதினெட்டு ஆண்டு முயற்சிக்குப் பின் 2008இல் ‘டொர்னேடோ’ என்னும் எந்திரம் உருவாயிற்று. வியத்தகு செயலே. ஆயினும் அதன் கொதிகலனைச் செய்து தந்தது செர்மனி நாட்டு மைனிங்கன் பணிமனை. புகைவண்டியை உலகுக்கு அளித்த நாடே கொதிகலனுக்கு அயல்நாட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கிழக்கு செர்மனியில் நீராவி நெடுங்காலம் நீடித்ததனால் அக்கைத்திறன் அங்கே அழியாதிருந்தது. வரைபடம் பணிமனையை விட்டுப் போவதில்லை. அதனை இரும்பாக்கும் கைகள் முதுமையெய்தி ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன.

மற்றொரு தடை செலவைப் பற்றியது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நாட்டில், புகை கக்கும் பழைய எந்திரத்துக்குச் செலவிடலாமா என்பர். நேர்மையான கேள்வி. எல்லா எந்திரங்களையும் ஓடச் செய்ய வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வகைக்கு ஒன்றிரண்டு ஓடினால் போதும். மற்றவை வெயிலும் மழையும் படாமல் கூரையின் கீழ் நிற்கட்டும். அரியானா மாநிலத்து ரேவாரியில் 1893இல் எழுந்த கொட்டகை, 2010 முதல் பழைய எந்திரங்களை இயங்கு நிலையில் காக்கும் இடமாக இருக்கிறது. ஓடுகின்ற சிலவற்றில் இளைஞர் பயிற்சி பெறட்டும். கொதிகலனை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கவும், வார்ப்பு எடுக்கவும், இரும்பை இழைத்துப் பொருத்தவும் கற்ற கை வேறு தொழிலிலும் வீண்போவதில்லை. ஆகவே இது வெறுஞ்செலவன்று, தொழிற்கல்வி.

இனி, தமிழ் மாணவர் செய்யத்தக்கது யாது? 1972இல் இருபது வயதில் எந்திரத்தில் கரி அள்ளிப்போடத் தொடங்கியவர் இன்று எழுபதைக் கடந்தவர். நெருப்பின் நிறம் கண்டு கரியின் அளவை அறிந்தவர். புகைபோக்கியின் ஒலி கேட்டே எந்திரத்தின் களைப்பை உணர்ந்தவர். அவர் அறிந்ததில் பெரும்பகுதி எந்த நூலிலும் இல்லை. அவர் தம் கருவிகளுக்கும் வேலைகளுக்கும் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. பொன்மலையிலும் பெரம்பூரிலும் மேட்டுப்பாளையத்திலும் ஓய்வு பெற்றோர் திண்ணைகளில் அச்சொற்கள் இன்னும் உயிருடன் உள்ளன. நம் மாணவருள் சிலரின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். விடுமுறை ஒன்றில் அவர் அருகே அமர்ந்து கேட்டு எழுதுதல் தமிழ்த்துறைக்கு உரிய பணியே ஆகும்.

சீவகசிந்தாமணியை 1887இல் அச்சில் ஏற்றிய உ.வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று ஏடு கேட்டார். சில இடங்களில் ஏடு கிடைத்தது. சில இடங்களில், அதனைத் தீயிலோ ஆற்றிலோ இட்டுவிட்டோம் என்ற விடையே கிடைத்தது. எந்திரம் அறிந்த முதியோரைத் தேடி நாம் செல்லும்போது அத்தகைய விடை நமக்குக் கிடைத்தல் ஆகாது. செல்வதை இவ்வாண்டே தொடங்குவோம்.