மரத்துக்குப் பரிசு இல்லையா?

பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் எனக்கு ஒரு பலவீனம். யார் அழைத்தாலும் போய்விடுவேன். பெரியவர்கள் நாடகத்தில் வசனம் மறந்தால் நமக்குக் கோபம் வருகிறது. குழந்தைகள் மறந்தாலோ, அதற்கு அப்புறம்தான் நாடகமே ஆரம்பமாகிறது!

இந்தத் தடவை போனது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு நர்ஸரி - ஆரம்பப் பள்ளிக்கு. பெயர் எதற்கு? எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிற கதைதான். ஜபம், ஆண்டறிக்கை, கும்மி, கோலாட்டம், குட்டியாக ஒரு பைபிள் நாடகம், அப்புறம் மாறுவேடப் போட்டி. நாலு பாரதியார்கள் வந்தார்கள். மூன்று அன்னை தெரஸாக்கள் வந்தார்கள். ஒரு ஜான்ஸி ராணி வாளைக் கீழே போட்டுவிட்டு, "மிஸ், என் கத்தி!" என்று அழுதாள்.

கடைசியாக ஒரு மரம் வந்தது.

ஆமாம், மரம்தான். ஐந்து வயசுப் பெண். உடம்பெல்லாம் பச்சைக் காகித இலை. பழைய மீன் வலையை முறுக்கி முறுக்கி இடுப்பிலிருந்து தொங்க விட்டிருந்தார்கள். அது நாலா பக்கமும் தரையில் கால் ஊன்றிய மாதிரி நின்றது. கிள்ளையைத் தாண்டிப் பிச்சாவரம் போய்ப் படகு ஏறியவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். சுரபுன்னை! உப்பங்கழிச் சேற்றில் பத்துக் கால் ஊன்றி நிற்கிறதே, அந்த மரம்.

மைக்கைக் கண்டதும் மனப்பாடம் பறந்து போய்விட்டது. குழந்தை கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு சொந்தமாகவே சொன்னாள்: "நான் மரம். என் காலுக்குள்ள இறா இருக்கு, நண்டு இருக்கு. சுனாமி வந்தப்ப எங்க ஆயாவை நான்தான் காப்பாத்துனேன்."

அவ்வளவுதான். வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

முதல் பரிசு ஒரு பாரதியாருக்கு. இரண்டாவது பரிசு ஜான்ஸி ராணிக்கு. மூன்றாவது பரிசு அன்னை தெரஸாவுக்கு. எனக்கு முன் வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "ஏம்மா, மரத்துக்குப் பரிசு இல்லியா?"

நியாயமான கேள்வி அல்லவா? அவள் சொன்னது பொய்யும் அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோது, மணல் திட்டில் இருந்த குடியிருப்புகள் பலத்த சேதம் அடைந்தன. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. கடலிலிருந்து இருந்த தூரமும், ஊர் இருந்த மேடும்கூடக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு.

விழா முடிந்ததும் அந்தத் தாயாருடன் பேசினேன். கிள்ளைப் பக்கம்தான். "வாடகைக் கடையில டிரெஸ் எடுத்தவங்களுக்குத்தான் பரிசு போல, அக்கா. இந்த வலையைக் கட்டறதுக்கு ரெண்டு நாளு இறா தடவப் போவலை. இனிமே இந்தக் கூத்துக்கெல்லாம் அனுப்பறதா இல்லை. படிச்சா போதும்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும்.

சிஸ்டரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பினேன். அவரோ எனக்கு முன்பே வருத்தத்தில் இருந்தார். "பரிசே வேண்டாம் என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தோம். பெற்றோர்கள் விடவில்லை. பரிசு கூட இல்லாத பள்ளிக்கு எதற்கு ஃபீஸ் என்று கேட்கிறார்கள்" என்றார்.

சண்டை போட வந்தவள் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெற்றோர்கள் வேறு யார்? நாம்தானே!

இந்தப் பகுதியில் கன்னியர்கள் பள்ளி நடத்துவது நேற்று வந்த வழக்கம் அல்ல. பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே ஊர் விபரீதமாகப் பார்த்த காலத்தில், 1844-ஆம் வருஷம், புதுச்சேரியில் துய்ப்புயி சுவாமியார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பெண் கல்விக்கென்றே நம் ஊர்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மெடலுக்காக ஆரம்பித்த காரியம் அல்ல அது.

நர்ஸரிப் படிப்பின் கதையும் அப்படித்தான். 1907-இல் ரோமாபுரியில், கூலி வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளுக்காக டாக்டர் மரியா மாண்டிஸோரி ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே ஒரு நாள் கெட்டிக்காரப் பையன் ஒருவனுக்கு வெள்ளிச் சிலுவை பரிசாகத் தொங்கியது. இன்னொரு பையனைத் தண்டனையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சிலுவை கீழே விழுந்தது. நாற்காலிப் பையன் எடுத்து, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பரிசு வாங்கியவனோ, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்! அவனுக்கு வேலைதான் முக்கியம். மெடல் வேண்டியிருந்தது பெரியவர்களுக்கு. அதைப் பார்த்த அந்த அம்மையார், பரிசும் தண்டனையும் குழந்தைக்கு அவசியம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1939-இல் அவரே நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்து, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார்.

1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை நர்ஸரிப் பள்ளியில் செய்த பரிசோதனை ஒன்றும் வெளியாயிற்று. படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கூட்டத்திடம், 'வரைந்தால் ரிப்பன் வைத்த சர்ட்டிபிகேட் தருவோம்' என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முன்னதாக ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பெற்றவர்களுக்கு ஆசை குறையவே இல்லை.

ஆகவே சகோதரிகளே, பரிசு விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. 'ஃபர்ஸ்ட் வந்தால் சைக்கிள்' என்று முன்கூட்டியே பேரம் பேசுகிறோமே, அதை விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்த குழந்தையிடம், "என்ன பரிசு?" என்று வாசலிலேயே கேட்காமல், "மேடையில் என்ன செய்தாய், எனக்கும் செய்து காட்டு" என்று கேட்கலாம். பள்ளிக்கூடக் கூட்டத்தில் பரிசை நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மேடை ஏறிய அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி ஒரு பென்சில் கொடுக்கச் சொல்லலாம். வாடகை உடுப்பு வேண்டாம், வீட்டில் இருப்பதைக் கொண்டு செய்தால் போதும் என்று ஒரு விதியும் போடச் சொல்லலாம். சிஸ்டர்கள் நிச்சயம் சந்தோஷப்படுவார்கள்.

நிஜச் சுரபுன்னையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அன்றைக்கு அவர்களோடேயே பிச்சாவரம் பஸ்ஸில் ஏறினேன். "எனக்கு ஒரு தடவை மரமாக நிற்கிறாயா?" என்று குழந்தையைக் கேட்டேன். ஓடுகிற பஸ்ஸில், வலைக் கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றாள். மறந்து போன மனப்பாடம் முழுவதும் இப்போது தடையில்லாமல் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பின் ஸீட்டுக் கிழவர் ஒருவர், "நெசந்தான் கண்ணு, நீதான் காப்பாத்துன" என்றார்.

கிள்ளையில் இறங்கும்போது தாயார் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நண்டு வேஷம் போடணுமாம், அக்கா" என்றாள் என்னிடம். "எட்டுக் காலுக்கு நான் எங்கே போவேன்!"