சர்க்குலர் நோட்டு கற்றுத் தந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும், பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவர்களும் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஆறு நாள் அங்கே அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு மட்டும் மத்தூர் வருகிறவர். பெயரும் கம்பெனியும் இங்கே வேண்டாம். காபி குடித்து முடித்ததும், "சார், நீங்க எச்.எம்.மா இருந்தவரு, ஆளுங்கள வேலை வாங்குனவரு. ஒரு யோசனை சொல்லுங்க" என்று ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் அவர்கள் லைனில் ஒரு பிரஸ் மெஷினின் சென்சாரைப் பழுதுபார்க்கக் கழற்றியிருக்கிறார்கள். மெக்கானிக், "யாரும் ஓட்ட வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போட்டது மெயின்டனன்ஸ் குரூப்பில். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் இருப்பது புரொடக்‌ஷன் குரூப்பில். யாரோ அந்தச் செய்தியை இங்கேயும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அன்று ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் படங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் அது புதைந்துவிட்டது. ஆபரேட்டர் மெஷினை ஓட்டினார். ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு பையன் கையை உள்ளே விட்டிருந்தான். கடைசி நொடியில் இழுத்துக்கொண்டான். "நாலு விரல் தப்பிச்சுது சார்" என்று சொல்லும்போது மாணவரின் குரல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கம்பெனி விழித்துக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து வேலை பார்ப்பதற்கென்றே இருக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். மைக்ரோசாப்ட் டீம்ஸ், ஸ்லாக், நம் ஜோஹோவின் கிளிக் எல்லாம் இந்த வகைதான். ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை மாதிரி சேனல், கோப்புகள் ஒரே இடத்தில், பழையதைத் தேடி எடுக்கும் வசதி. எல்லாரும் போனில் இறக்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் ஆகிறது. அதில் எச்.ஆர். போடும் பண்டிகை வாழ்த்து மட்டும்தான் இருக்கிறதாம். வேலைப் பேச்சு முழுக்க இன்னும் வாட்ஸ்அப்பில்தான். கோபமடைந்த மேனேஜர், அடுத்த மாதத்திலிருந்து அதைப் பயன்படுத்தாதவர்களுக்கு ஊக்கத்தொகையில் பிடிப்பேன் என்கிறாராம்.

"இது சரியா வருமா சார்?" இதுதான் கேள்வி.

முதலில் ஒன்று சொன்னேன். பழுதில் இருக்கும் மெஷினின் சுவிட்சில் பூட்டும், "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையும் தொங்க வேண்டும். சாவி மெக்கானிக் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது. "அத மறுநாளே ஆரம்பிச்சுட்டோம் சார்" என்றார். நல்லது. மற்றதைப் பற்றி அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

உங்களில் பலருக்குச் சர்க்குலர் நோட்டு ஞாபகம் இருக்கும். பாடம் நடக்கும்போது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நிற்பார். நான் சாக்பீஸை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். உங்களுக்கு அது இரண்டு நிமிட விடுமுறை. அந்த நோட்டில் என்ன விசேஷம்? பள்ளிக்கு ஒரே நோட்டுதான். யார் எழுதலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். யார் படித்தார்கள் என்பதற்குக் கையெழுத்து இருக்கும். பள்ளி நேரத்தில் மட்டும்தான் வரும். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் நோட்டு பள்ளியிலேயே இருக்கும். அதில் யாரும் பிறந்தநாள் கேக் படம் ஒட்டியதில்லை. நல்ல ஆபீஸ் மென்பொருளுக்கு வேண்டிய ஒழுங்கு ஏறக்குறைய முழுவதும் அந்த நாற்பது பக்க நோட்டில் இருந்தது. அப்போது எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் நானே குரூப் தொடங்கினேன். இரவு பத்து மணிக்கும் அதில் எழுதினேன். ஒரு நாள் ஓர் ஆசிரியை, மறுநாள் அனுப்ப வேண்டிய புள்ளிவிவரத்தில் ஒரு கட்டத்தை எப்படி நிரப்புவது என்று குரூப்பில் கேட்டார். "இத்தனை வருட சர்வீஸில் இதுகூடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன். இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை அந்த அம்மையார் குரூப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். "சரி சார்", "நன்றி சார்" மட்டும் வந்தது. குரூப் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்விகள் எல்லாம் எனக்குத் தெரியாத வேறு குரூப்புக்குப் போய்விட்டன என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா, இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னியுங்கள்.

ஆகவே என் மாணவருக்கு நான் சொன்ன பதிலின் சாரம் ஒரே வார்த்தை: பயம். ஆட்கள் சோம்பேறிகள் என்பதால் புது ஆப்பில் எழுதாமல் இருக்கவில்லை. எழுதினால் மேனேஜர் பார்ப்பார், எழுத்துப்பிழைக்குச் சிரிப்பார்கள், நாளை அதையே எடுத்து வைத்து மெமோ கொடுப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தின் மேல் அபராதப் பயத்தையும் ஏற்றினால் "சரி சார்" கிடைக்கும். "மெஷின் சத்தம் மாறியிருக்கு சார்" என்ற செய்தி கிடைக்காது. விரல் போகாமல் காப்பது அந்த இரண்டாவது செய்திதான்.

இது ஓசூருக்குப் புதுப்பாடம் இல்லை. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் டெமிங் பரிசு வாங்கியது. அந்தப் பரிசை வாங்கிய முதல் இருசக்கர வாகனக் கம்பெனி அது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே வாங்கியிருந்தது. டெமிங் என்ற அமெரிக்கர் 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்தவர். மறு வருடமே ஜப்பான்காரர்கள் அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தினார்கள். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த 14 கொள்கைகளில் ஒன்று, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்டுவது. மெஷினைத் தினமும் தொடுகிறவனுக்குத்தான் அதன் குறை முதலில் தெரியும், அவன் வாய் திறந்தால்தான் தரம் வரும் என்ற எண்ணம் அது. போர்டில் எழுதினாலும் போனில் எழுதினாலும் இது ஒன்றுதான்.

பயம் கற்பனையும் இல்லை. மைக்ரோசாப்ட் 2020-ல் புரொடக்டிவிட்டி ஸ்கோர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட்டில் பேசினார் என்று தனித்தனிப் பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, அந்த வருடம் டிசம்பரிலேயே பெயர்களை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே தடுமாறிய இடம் இது. நம் ஊர்க் கம்பெனி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இதில் நாங்கள் எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று. ஒரு தாளில் எழுதி, கேன்டீன் சுவரில் ஒட்டினால் போதும்.

அடுத்தது இரட்டை வேலை. ஆப்பிலும் எழுது, ரிஜிஸ்டரிலும் எழுது, வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பு என்றால் எவனும் மூன்றில் எளிதானதைத்தான் செய்வான். புதியதைக் கொண்டுவரும் அன்றே பழையது ஒன்றை நிறுத்த வேண்டும். அதுவும் மேலிருந்து. மேனேஜர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் உத்தரவு போடுகிறார் என்று மாணவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வாத்தியார் நேரத்துக்கு வராத வகுப்பில் பிள்ளைகள் வருவார்களா?

மூன்றாவது மொழி. நம் எல்லைப் பகுதித் தொழிற்சாலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் ஒரே லைனில் நிற்கின்றன. வாட்ஸ்அப் ஜெயிப்பதற்கு முக்கியக் காரணம், பட்டனை அழுத்தித் தன் பாஷையில் பேசி அனுப்பலாம் என்பது. புது ஆப்பில் ஆங்கிலத்தில் டைப் அடி என்றால் அந்த ஒடிசா பையன் என்ன செய்வான்? குரல் பதிவு, போட்டோ, தமிழில் எழுதுவது எல்லாம் அங்கேயும் செல்லும் என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் முதல் வாரம் தானே தமிழில் எழுதிக் காட்ட வேண்டும்.

நான்காவது நேரம். பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும், வேலை நேரம் முடிந்தபின் வரும் அலுவலக அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டு நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் வந்ததோடு சரி. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? ஷிஃப்ட் முடிந்தவனுக்கு அவசரம் என்றால் போன் செய்யலாம். மற்றவை காலை வரை காத்திருக்கட்டும்.

"எதுக்கு சார் இத்தனை, வாட்ஸ்அப்பையே ஒழுங்கா வெச்சுக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது போதும் என்பேன். பெரிய இடத்துக்குப் போதாது. ஆள் வேலையை விட்டுப் போனாலும் கஸ்டமரின் டிராயிங் அவர் போனிலேயே இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களின் ஆதார் நகலைக் குரூப்பிலேயே போடச் சொல்கிறார்களாம்! 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. எந்தக் குரூப்பில் யாருடைய ஆதார் கிடக்கிறது என்றே தெரியாத கம்பெனி எப்படிப் பதில் சொல்லும்?

பெரிய மாற்றத்தையும் ஆட்களை அதிகம் அலைக்கழிக்காமல் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் நம் தமிழ்நாட்டுக் கம்பெனி. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஊழியர்களின் பழைய அரசு முகவரி அப்படியே இருந்தது. மாற்ற வேண்டியதை மாற்றினார்கள், பழகியதில் விட முடிந்ததை விட்டுவைத்தார்கள்.

மாணவரிடம் கடைசியாக இவற்றை எழுதிக் கொடுத்தேன்:

1. ஒரு லைனுக்கு ஒரு சேனல். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர். வாழ்த்துக்குத் தனி இடம்.
2. ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பை மட்டும் முதல் மாதம் அதில் எழுதுங்கள். மற்றது பிறகு.
3. படித்தவர்கள் ஒரு டிக் போட வேண்டும். சர்க்குலர் நோட்டுக் கையெழுத்து மாதிரி.
4. வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள்.
5. கேள்வி கேட்டவரை அதில் யாரும் திட்டக் கூடாது. திட்டினால், திட்டியவர் அதே இடத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மேனேஜர் உட்பட.
6. முதலில் குறை சொன்னவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

ஐந்தாவதைப் படித்துவிட்டு, "இத மேனேஜர்கிட்ட எப்படி சார் காட்டுறது?" என்றார். அவர் பயப்படுவது புரிந்தது. "என் வாத்தியார் செஞ்ச தப்புன்னு மேல இருக்கிற கதையைச் சொல்லிக் காட்டுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேனேஜர் கேட்பாரா, ஊக்கத்தொகையில் பிடிப்பாரா, அடுத்த ஞாயிறு வந்தால் தெரியும்.

உங்களில் மேனேஜராக, எச்.ஆராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குரூப்பில் கடைசியாகக் கேள்வி கேட்டவர் யார், அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று நாளைக்கு ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். வெறும் "சரி சார்" மட்டுமே தெரிந்தால், என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை. இப்போது நான் திருத்துவதில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
மத்தூர்.