வண்டிக்கு ஊர் பேரைப் போடுங்க, கூட்டுக்கு வேண்டாம்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ஞ்சு பூமி பச்சையானதும் எங்க வடமதுரை, அய்யலூர் பக்கம் ஞாயித்துக்கிழமைகள்ல கேமரா ஆட்கள் நடமாட்டம் கூடிடும். சிலர் பறவை, விலங்கு எடுக்க வர்றாங்க. சிலருக்கு வேலியோரச் செடி, கொடி, பூ. இன்னும் சிலர் மாட்டுக் கொட்டத்துல கோழி அடையுற பழைய காரையும் ஸ்கூட்டரையும் தேடி வர்றாங்க. மூணையும் விரும்பி எடுக்கிற ஆளும் உண்டு. வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிறவங்க ஒரு நாள் முள்ளுக்காட்டுல நடக்கிறது நல்லதுதான். நானும் போன்ல படம் எடுக்கிறவன், அதனால பொழுதுபோக்கைக் குறை சொல்ல வரல.

எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்துது. எடுத்த படத்தை ஊருக்குக் காட்டும்போது மூணையும் ஒரே மாதிரி நடத்துறாங்க. பழைய வண்டிப் படத்துல ஊரும் இருக்காது, வருசமும் இருக்காது, சும்மா "பழைய நினைவுகள்"னு போட்டிருப்பாங்க. ஆனா பறவைக் கூடு படத்துல எந்த ஊர், எந்தக் கண்மாய், எத்தனையாவது பனைமரம்ங்கிற வரைக்கும் எழுதியிருப்பாங்க. இது தலைகீழா இருக்கணும்ங்கிறது என் கருத்து.

முதல்ல வண்டி. ஒரு பழைய வண்டிக்கு மதிப்பே அதோட கதையிலதான் இருக்கு. அம்பாசடர் கார் தயாரிப்பு 2014ல நின்னு போச்சு. புல்லட் 1955ல இருந்து சென்னையில செய்யுறாங்க. இதெல்லாம் யாரு வேணும்னாலும் தேடிப் படிச்சுக்கலாம். ஆனா எங்க ஊர்க் கொட்டத்துல நிக்கிற வண்டியை யாரு வாங்கினது, என்ன வெள்ளாமை வித்த காசுல வாங்கினது, எத்தனை கல்யாணத்துக்குப் போச்சு, எத்தனை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிச்சுங்கிறது அந்த வீட்டுப் பெரியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போயிட்டா அதுவும் போச்சு.

நம்பர் பலகையையும் கவனிச்சு எடுங்க. 1989ல புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இப்ப இருக்கிற மாதிரி டி.என். 57ன்னு ஆபீஸ் நம்பரோட எழுதுற முறை வந்துச்சு. பழைய எழுத்து நம்பரைப் பார்த்தாலே வண்டியோட வயசு ஓரளவு புரிஞ்சிடும். 50 வருசம் தாண்டி, பெருசா மாத்தம் பண்ணாம இருக்கிற கார், பைக்குகளை "விஏ" எழுத்தோட தனியாப் பதிவு பண்ணிக்கலாம்னு 2021ல மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு. இது தெரியாம இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துட்டு இருக்காங்க. உங்க படம் சரியான விவரத்தோட வெளியே போனா, ஒரு வண்டியாவது தப்பிக்கும்.

மாட்டு வண்டியும் அப்படித்தான். கட்டை வண்டியைப் படம் எடுக்கிறவங்க நிறைய. ஆரக்கால் எது, குடம் எது, கடையாணி எது, இரும்புப் பட்டாவைக் காய்ச்சி எப்படி மாட்டினாங்கன்னு பக்கத்துல நிக்கிற ஆசாரியைக் கேட்டு எழுதுறவங்க குறைச்சல். டயர் வண்டி வந்த பிறகு அந்த வேலை தெரிஞ்சவங்களே அருகிட்டாங்க. கேட்டு எழுதுங்க. சொந்தக்காரர் சம்மதிச்சா ஊர் பேரையும் போடுங்க. அவருக்கு வாய் இருக்கு, வேண்டாம்னா சொல்லிடுவார்.

கூட்டுல இருக்கிற குஞ்சுக்கு அப்படிச் சொல்ல வாய் இல்ல. அங்கதான் நாம யோசிக்க வேண்டியிருக்கு.

ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. கோடையில தரிசுல, கல்லுக்கு நடுவுல நாலு முட்டை போட்டு வைக்கும். பக்கத்துல நின்னாலும் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. கோடை உழவு ஓட்டும்போது அது தலைக்கு மேல சுத்திக் கத்துறதை வச்சுத்தான் நாங்க கண்டுபிடிச்சு, அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு ஓட்டுவோம். அது வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்த வெயில்ல நாலு பேர் மாத்தி மாத்தி அரை மணி நேரம் பக்கத்துல நின்னா தாய் கிட்ட வராது, முட்டை வெந்துடும். ஆள் கூட்டம் எங்க நிக்குதுன்னு காக்காயும் பார்த்துக்கிட்டுதான் இருக்கும். மரத்துக் கூட்டுக்கு முன்னாடி "மறைக்குது"ன்னு கிளையை ஒடிச்சு விடுறதும் இதே கதைதான். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழலு. வல்லூறு கண்ணுல படாம காப்பாத்துறதும் அதுதான்.

எங்க பக்கத்துல கடவூர் மலை இருக்கு. 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமா அரசு அறிவிச்சுது. தேவாங்குக்குன்னு இந்தியாவுல அதுதான் முதல் சரணாலயம். அது பகல்ல சுருண்டு தூங்கி, ராத்திரி பூச்சி தேடித் திரியுற பிராணி. பூச்சி தின்னுறதால விவசாயிக்குச் சிநேகிதன். சரணாலயத்துக்கு வெளியே எங்க தோட்டத்து வேலியிலயும் வரும், அதுக்கு எல்லைக்கல் தெரியுமா? அந்தப் பெரிய கண்ணு இருட்டுக்குன்னே அமைஞ்சது. அதுல பளிச்சு பளிச்சுன்னு ஃபிளாஷ் அடிக்கிறது கொடுமை. அதைவிட மோசம், இடத்தை எழுதி வைக்கிறது. மாந்திரீகம், மருந்துன்னு மூடநம்பிக்கைக்காகத் தேவாங்கைப் பிடிச்ச காலம் முழுசா முடிஞ்சுடல. நட்சத்திர ஆமைக்கும் இதே தலைவிதி. வீட்டுல வளர்க்கக் கடத்துறாங்கன்னு 2019ல அதோட சர்வதேச வியாபாரத்தையே தடை பண்ணிட்டாங்க. நீங்க ஆசையாப் போடுற படம் கடத்துறவனுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிடக் கூடாது.

செடி ரெண்டுக்கும் நடுவுல. தும்பை, ஆவாரை, குப்பைமேனி, பிரண்டை இதுக்கெல்லாம் தாராளமா ஊர் போடலாம். பூவை மட்டும் எடுக்காம இலை, காய், முழுச்செடி, அது நிக்கிற மண்ணு எல்லாத்தையும் எடுங்க. அப்பத்தான் இன்ன செடின்னு யாராவது உறுதியாச் சொல்ல முடியும். ஆனா செங்காந்தளைப் பாருங்க, நாங்க கண்வலிக்கிழங்குன்னு சொல்வோம். நம்ம மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அதை வயல்லயே பந்தல் போட்டு வளர்க்கிறாங்க, விதை மருந்து கம்பெனிக்குப் போகுது. நடவுக்குக் கிழங்கு விலை அதிகம். அதனால காட்டுல தானா முளைச்சதைத் தோண்டுறவங்களும் இருக்காங்க. அந்த மாதிரி காசு விலை உள்ள செடிக்கு இடம் சொல்லாம இருக்கிறதே நல்லது.

"இடத்தை மறைச்சா அங்க இப்படி ஒரு உயிர் இருக்குன்னே தெரியாதே, அப்புறம் எப்படிக் காப்பாத்துறது?"ன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எங்க எவ்வளவு இருக்குன்னு கணக்கு இல்லாம சரணாலயம் வராதுதான். ஆனா அந்தக் கணக்கு போய்ச் சேர வேண்டிய இடம் வனத்துறையும் ஆராய்ச்சி பண்றவங்களும். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்துல பதிஞ்சா, அழிவு அபாயத்துல இருக்கிற உயிர்களோட சரியான இடத்தை அவங்களே மறைச்சுடறாங்க. தகவலும் சேருது, உயிரும் பிழைக்குது. ஆயிரம் பேர் பார்க்கிற பக்கத்துல போட்டாத்தான் பாதுகாப்புன்னு ஒண்ணும் இல்ல. "திண்டுக்கல் மாவட்டம்"னு போட்டா உங்க படத்தோட அழகு குறைஞ்சுடுமா என்ன?

அதனால வர்றவங்ககிட்ட நான் கேட்டுக்கிறது கொஞ்சம்தான். கேமரா செட்டிங்ல இடம் பதிவாகுறதை அணைச்சுட்டு வாங்க, இல்லாட்டி படத்துக்குள்ளயே அது ஒளிஞ்சுக்கிட்டு போகும். கூடு, குட்டி இருக்கிற இடத்துல ரெண்டு படத்தோட விலகிடுங்க. போன்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடாதீங்க, வேற ஒரு சேவல் தன் இடத்துக்குள்ள வந்துடுச்சுன்னு அது தவிச்சுப் போகும். வரப்புல ஏறுறதுக்கு முன்னாடி தோட்டக்காரருக்கு ஒரு குரல் கொடுங்க. கொட்டத்துல பழைய வண்டி இருந்தா அவசரப்படாம உக்காந்து, அந்தப் பெரியவர் சொல்றதை முழுசா எழுதிக்கிட்டுப் போங்க. படத்தை ஒரு பிரிண்ட் போட்டு அவருக்கு அனுப்பி வைங்க. எங்க ஊர்ல அப்படி வந்த படம் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு.