டெஸ்ட் டியூபும் ஸ்பேனரும்

அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் வேலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, எதிரே மினுக் மினுக்கென்று விளக்குகள். நிஜத்தில் முழங்கை வரை கிரீஸ்!

அமெரிக்கக் கடற்படையில் 'இ.எல்.டி.' என்றொரு ரகம் உண்டு. எஞ்சினியரிங் லேபரட்டரி டெக்னீஷியன். ஆசாமி அடிப்படையில் மெக்கானிக்தான். அணு உலைப் படிப்பு படித்து, நிஜ உலையில் பழகி, அதற்கு மேலும் தண்ணீர் ரசாயனம், கதிரியக்கப் பாதுகாப்பு என்று தனிப் பாடம் கேட்டவர். உலையில் சுற்றும் தண்ணீரை சாம்பிள் எடுத்து குளோரைடு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் எவர்சில்வர் குழாய்கூட நாளடைவில் விரிசல் விடும்.

அப்படியானால் லேபிலேயே காலம் தள்ளலாமே? அதுதான் முடியாது. கப்பலில் இருப்பதே 130 சொச்சம் பேர். ஒரே படுக்கையில் முறைவைத்துத் தூங்குகிற இடத்தில், ஆளுக்கு ஒரே வேலை என்பது கட்டுப்படியாகுமா? எனவே இவரும் எஞ்சின் அறைக் காவலுக்கு நிற்க வேண்டும். எண்ணெய் மட்டம் பார்க்கணும். பம்ப் ஒழுகினால் பிரிச்சு மாட்டணும்.

"வந்துட்டார்யா டெஸ்ட் டியூப் தொரை!" என்று சக மெக்கானிக்குகள் சீண்டினால் ஆச்சரியமில்லை. "சாம்பிள் நேரத்துல பம்ப்பைப் பிரிக்கச் சொல்றாங்களே" என்று இவர் முணுமுணுத்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒழுகும் பம்ப் இன்றைய தலைவலி. எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தண்ணீரில் ஏறும் குளோரைடு என்றைக்கோ வரப்போகிற தலைவலி. இன்றைய தலைவலிதான் எப்போதும் ஜெயிக்கும். நம்ம ஆபீசிலும் அதே கதைதானே!

அதற்காக, 'நான் ஸ்பெஷலிஸ்ட், ஸ்பேனரைத் தொட மாட்டேன்' என்று இருந்துவிடலாமா? கூடாது. 1963 ஏப்ரல் 10-ம் தேதி அட்லாண்டிக்கில் ஆழச் சோதனைக்குப் போன 'த்ரெஷர்' என்ற அணுசக்தி நீர்மூழ்கி, 129 பேருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. காரணம் அணு உலையா? விசாரணைக் குழு கண்ணை வைத்தது எஞ்சின் அறையில் ஒரு குழாய் இணைப்பின் மேல். அது விட்டு, கடல்நீர் பீறிட்டு, மின்சாரக் கருவிகள் கெட்டு, அதனால் உலையும் நின்று போயிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அதே வருஷம் 'சப்சேஃப்' என்ற திட்டம் வந்தது. கடல்நீரைத் தாங்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் அத்தாட்சி வேண்டும் என்றார்கள்.

அணுவைப் பிளக்கத் தெரிந்த கப்பலைக் குப்புறத் தள்ளப் பிளம்பர் சமாசாரம் ஒன்று போதும். அதனால்தான் இ.எல்.டி. இரண்டு வேலையையும் பார்க்கிறார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு சாம்பிள் எடுக்கப் போகும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை வேண்டும்: கை சுத்தமாக இருக்கணும்.

கிரீசுக்காக மட்டுமில்லை சார். உழைத்த வியர்வையில் இருக்கிற உப்பும் குளோரைடுதான்!